டயருக்குள் ஒரு ஃபோம் வளையம்

போன மாதம் ஒரு சைக்கிள் கடையில் ஃபோம் வளையத்தைப் பெட்டியில் அடைத்து விற்பதைப் பார்த்தேன். பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று கலர் கலராக இருந்தது. பெட்டிமேல் ஒருவன் சைக்கிளோடு பாறையிலிருந்து பறந்துகொண்டிருந்தான். "டயருக்குள்ள இதைப் போட்டுட்டா ரிம் அடிபடாது மேடம். காத்தைக் கம்மியா வெச்சுக்கலாம், பிடிப்பு நல்லா இருக்கும்" என்று விற்பனைப் பெண் எனக்குப் பாடம் எடுத்தாள். எனக்கு! நானும் என் அண்ணியும் ரொட்டி வெட்டும் கத்தியால் இதே வளையத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் அறுத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெண்ணுக்குப் பால்பல்கூட விழுந்திருக்காது. வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டு நானே எத்தனையோ தடவை முகம் சுளித்திருக்கிறேன். பிரேக் கம்பி ஒன்று வாங்கப் போனேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து மனசு அண்ணியையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நினைத்தால் இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நான் சொல்வது அந்த அண்ணியை அல்ல, ஞாயிற்றுக்கிழமை அண்ணியை.

அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூட வந்த சாமான்களில் ஒரு மலை சைக்கிளும் இருந்தது. நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் எதிலாவது குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமே. நான் கங்கணம் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். சைக்கிளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இதை எங்க வைக்கறது? நடு வீட்டுலயா?"

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா. அப்புறம் நீயே இடம் சொல்லுவே" என்றாள்.

ஓட்டிவிட்டு வந்தேன். என் நாத்தனார் உத்தியோகம் அன்றைக்கே பறிபோனது. இரண்டு மாதத்தில் நானும் ஒரு பழைய மலை சைக்கிளைத் தேடிப்பிடித்து, அவள் சைக்கிளுக்குப் பக்கத்தில், நடு வீட்டில், சாய்த்து வைத்தேன்.

ஊருக்குப் பின்னால் மலை. அதன் உச்சியிலிருந்து அடிவாரம்வரை வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் அண்ணன் எங்களையும் சைக்கிள்களையும் வேனில் ஏற்றி மேலே இறக்கிவிட்டு, கீழே போய்ச் செய்தித்தாளோடு காத்திருப்பான். அவனுக்குச் சைக்கிள் ஆகாது. "நாலு சக்கரம் இருந்தாலே நான் முழுசா நம்பறதில்ல, ரெண்டை எப்படி நம்பறது?" என்பான்.

பாதையில் இருந்த பாறைகளுக்கு அண்ணி பேர் வைத்திருந்தாள். தட்டையான ஒன்று 'பெஞ்சு'. வழவழவென்று இருந்தது 'வழுக்கை'. எந்தப் பக்கம் போனாலும் குறுக்கே நிற்கும் ஒன்றுக்கு 'மாமியார்'. அவளுடைய மாமியார் என் அம்மாதான். தெரிந்தும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். 'மாமியா'ருக்குக் கீழே மரங்கள் அடர்ந்து இருட்டாக இருக்கும் இடத்துக்கு 'குகை' என்று பேர்.

அந்தப் பாறைகள் எங்கள் ரிம்களைத் தின்றுகொண்டிருந்தன. டயரில் காற்றைக் குறைத்தால்தான் சக்கரம் தரையைப் பிடிக்கும். குறைத்தாலோ ரிம் போய்க் கல்லில் மோதும். 'மாமியா'ரில் பட்டால் 'டங்' என்று கோபமாக ஒரு சத்தம். 'வழுக்கை'யில் 'டொக்'. 'பெஞ்'சிலிருந்து இறங்கும்போது முன்னும் பின்னுமாக இரட்டைச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே மற்றவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ரிம்மில் ஒரு நெளிசல் விழும்.

அண்ணி வேலை பார்த்தது ஃபோம் கம்பெனியில். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் உடையாமல் போய்ச்சேர, பெட்டிக்குள் மூலைக்கு மூலை வைக்கிறார்களே, அதைச் செய்யும் இடம். "டி.வி.யைக் காப்பாத்தறது ரிம்மைக் காப்பாத்தாதா?" என்று ஒரு நாள் கேட்டாள். மறுநாள் கழிவு ஃபோம் ஒரு மூட்டை வீட்டுக்கு வந்தது. மெத்துமெத்தென்று மஞ்சளாக இருந்ததை எடுத்து நீளநீளமாக அறுத்து, நுனியோடு நுனி சேர்த்து டேப் ஒட்டி, வளையமாக்கி டயருக்குள் திணித்தோம். எங்களுடையது டியூப் இல்லாத டயர். ஓட்டை விழுந்தால் அடைத்துக்கொள்வதற்காக உள்ளே வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றுவார்கள். நாங்கள் அதைப் பால் என்போம். ஊற்றிவிட்டு, பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பில் தூங்கப் போனோம்.

காலையில் பார்த்தால் நாலு டயரும் தரையோடு தரை. சைக்கிளைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊற்றிய பாலை ஒரு சொட்டு விடாமல் ஃபோம் குடித்திருந்தது.

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எது தண்ணி குடிக்கும், எது குடிக்காதுன்னு பாத்துப் பிரிக்கறதுதான்டி என் வேலையே! அஞ்சு வருஷமா அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்!"

"வெளியில சொல்லாதீங்க அண்ணி. வேலை போயிடும்" என்றேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அடுத்த தடவை தண்ணீர் குடிக்காத, கெட்டியான கறுப்பு ஃபோம் வந்தது. அதைச் சுற்றி டயரை ரிம்மில் ஏற்றுவது ஒரு ஆளால் ஆகிற காரியமல்ல. அண்ணி முழங்காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நான் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும். அவள் "விடாதே, விடாதே" என்று கத்துவாள். கடைசி சாண் உள்ளே போகும் நேரம் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், டயர் மொத்தமாக வெளியே துள்ளிவிடும். வீட்டில் நேரான கரண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. "இந்த வீட்டுல குழம்பு ஊத்தறதுக்குக்கூட வளைஞ்சு நெளிஞ்சு உட்கார வேண்டியிருக்கு" என்று அண்ணன் புலம்புவான்.

ஆனால் ஃபோம் வேலை செய்தது. காற்றைப் பாதியாகக் குறைத்தோம், சக்கரம் கல்லின்மேல் குழைந்து ஏறி இறங்கியது, ரிம் பிழைத்தது. ஒன்றே ஒன்றுதான், சத்தம் நின்றுபோயிற்று. 'மாமியார்'கூட 'தொப்' என்று அடங்கிவிட்டாள். முன்னால் போகிறவள் இருக்கிறாளா, விழுந்துவிட்டாளா என்று பின்னால் வருகிறவளுக்குத் தெரியாது. அதுவும் பழகிப்போனது. அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பன்னிரண்டு வருஷம் எனக்கு வாய்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பதிமூன்றாவது வருஷம் அண்ணி கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். மேஜையோரத்தில் இருக்கும் டம்ளரைத் தட்டிவிடுவாள். ஒரு சனிக்கிழமை, இரண்டு பேரும் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"என் கண்ணுல ஓரம் போயிட்டே இருக்காம். நேரா இருக்கறது தெரியும். நிழலுக்குள்ள போனா அதுவும் தெரியாது. திரும்ப வராதாம். சைக்கிளையே தொடக் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா வேன் சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சுடுவார். ஒரே ஒரு தடவை, மேலேர்ந்து கீழ வரைக்கும், காலை ஊனாம வந்துடறேன். அன்னைக்கே நானே அவர்கிட்ட சொல்லிட்டு நிறுத்திடறேன். சத்தியம்."

அவள் சத்தியம் செய்தால் செய்ததுதான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் ஞாயிறு நான் முன்னால் போனேன், அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளிச்சம் இருந்தவரை பிசகவில்லை. 'குகை'க்குள் நுழைந்ததும் என்னைத் தவறவிட்டு, காலை ஊன்றிவிட்டாள். கத்தி வழி சொல்லிப் பார்த்தேன். நான் "இடது" என்று சொல்லி முடிப்பதற்குள் இடது முடிந்திருக்கும். இரண்டாவது ஞாயிறு மணியடித்துப் பார்த்தேன். மணி நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லும், கல் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அன்றைக்கும் அங்கேயே ஊன்றிவிட்டாள்.

இரண்டு பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். அப்போது ஓட்டை சைக்கிள் ஒன்றில் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். டயரில் ஃபோம் கிடையாது, காற்றும் போதாது. கல்லுக்குக் கல் டங், டொக் என்று அடித்துக்கொண்டே போனார். அண்ணி நின்று தலையைச் சாய்த்தாள்.

"வேரைத் தாண்டிட்டார். இப்ப வலதுபக்கம் ஒடிக்கிறார். இதோ, அந்த ரெட்டைக் கல்லு" என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாம் சரி. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை, ஏதோ விளையாட்டுப்போலச் சொல்லிவிட்டு நடந்தாள்.

எனக்கு அந்த நொடியிலேயே தோன்றிவிட்டது. என் சக்கரத்திலிருந்து ஃபோமை எடுத்துவிட்டால் போதும். ரிம் கல்லில் அடிக்கும், பின்னால் வருகிறவள் கல்லைக் காதாலேயே பார்த்துக்கொள்வாள்.

நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறே அவள் கீழே வந்துசேர்ந்துவிடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது. தவறவிட்டால் இன்னொரு ஞாயிறு உண்டு. அற்பத்தனம்தான். மூன்றாவது ஞாயிறு தவறினாள், நான் உச்சுக்கொட்டினேன். நான்காவது ஞாயிறும் தவறினாள். "விடுங்க அண்ணி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னேன், உள்ளுக்குள் சந்தோஷம். ஐந்தாவது ஞாயிறு அவள் ஊன்றவில்லை, பிடிவாதமாக இருட்டுக்குள் வந்தாள். நேராக ஒரு மரத்தில் போய் மோதினாள்.

தாடையில் மூன்று தையல். கீழே அண்ணன் பதறிப்போய், "என்னாச்சு, எப்படி ஆச்சு?" என்றான். "மரம் குறுக்க வந்துடுச்சு" என்றாள் அவள், ரத்தம் ஒழுகும் வாயோடு. நான் வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

தையல் பிரித்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, அண்ணி வேலைக்குப் போயிருந்தபோது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் இரண்டு சக்கரங்களையும் பிரித்தேன். பன்னிரண்டு வருஷத்தில் தனியாக அந்த வேலையைச் செய்தது அன்றுதான். முழங்காலால் அழுத்த அவள் இல்லை. ஒரு மணி நேரமாயிற்று, மூன்று நகம் போயிற்று. கறுப்பு வளையங்கள் பால் வழிய வெளியே வந்து விழுந்தன. ஃபோம் இல்லாமல் டயரைத் திரும்ப மாட்டுவது எவ்வளவு சுலபம் என்பது மறந்தே போயிருந்தது. புதிதாகப் பால் ஊற்றி, பழையபடி பாதிக் காற்றே அடித்தேன்.

ஞாயிறு காலை உச்சியில் நின்று, "நெருங்கியே வாங்க" என்று மட்டும் சொன்னேன். 'பெஞ்'சில் இரட்டையாக அடித்தது. பின்னால் அண்ணி "ஏய்!" என்றாள். 'வழுக்கை'யில் டொக். 'மாமியா'ரில் டங். 'குகை'க்குள் நான் ஒரு கல்லையும் விலக்கவில்லை, தேடித்தேடி மோதினேன். கை எலும்பெல்லாம் அதிர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் சரியாக ஒரு நொடி விட்டு அவளுடைய டயர் அதே கல்லில் 'தொப்' என்று ஏறி இறங்கியது. டங், தொப். டொக், தொப். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இப்போது எனக்குத்தான் பாதை தெரியவில்லை. வெளிச்சத்துக்கு வந்தபோது என் பின்சக்கரம் பாலைக் கக்கிவிட்டுப் படுத்துவிட்டது. வெறும் ரிம்மிலேயே மீதி தூரத்தை ஓட்டினேன். அண்ணி என்னைத் தாண்டிப் போய், அடிவாரப் புல்லில், இரண்டு காலும் பெடலில் இருக்க, ஒரு வட்டமடித்து அதற்குப் பிறகுதான் இறங்கினாள்.

வேன் தூரத்தில் நின்றது. அண்ணன் செய்தித்தாளில் மூழ்கியிருந்தான்.

"எப்படி எடுத்தே? தனியாவா?" என்றாள் அண்ணி. கையை நீட்டினேன். அவள் நகங்களைத் தடவிப் பார்த்தாள்.

"எப்பத் தோணுச்சு உனக்கு?"

வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனியில் இருந்தது.

"ரெண்டாவது வாரமே அண்ணி. அந்த ஓட்டை சைக்கிள்காரர் போனப்பவே. நீங்க கீழ வந்துட்டா நிறுத்திடுவீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன். உங்க தாடை கிழிஞ்சது என்னாலதான்."

அவள் விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினாள். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நல்லவேளை, அன்னைக்கே சொல்லித் தொலைக்கல" என்றாள். "மூணு ஞாயிறு கூடக் கிடைச்சுது."

பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணனிடம் சொல்லப் போனாள்.