நாற்பத்தொரு கற்களும் ஒரு கையெழுத்தும்

நெளுக்குளத்தில் பேச்சியம்மாவின் அலுமாரியில் இருந்த நாற்பத்தொரு கற்களும் அவள் வீட்டுக்குள் வந்தால் ஊதா நிறத்தில் வெளிச்சம் விடும், அவள் வெளியே போனால் அணைந்துவிடும். 2012ஆம் ஆண்டு மாசி மாதம் முதல் கல்லோடு இது தொடங்கியது. மீற்றர் பார்க்க வந்தவர் அலுமாரியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, களவாக இழுத்த வயர் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுச் சாரங்காவின் சேவல் மட்டும் கொஞ்சக் காலம் குழம்பியது. பொழுதுபட்ட பிறகு பேச்சியம்மா கடைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் விடிந்துவிட்டதென்று கூவியது. பிறகு அதுவும் பழகிக்கொண்டது.

பேச்சியம்மா கல்குவாரியில் சல்லி உடைப்பவள். தாயும் தகப்பனும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது வவுனியாவில்தான். பாறைக்கு வெடி வைத்தால் சில நேரம் உள்ளே பொந்து திறக்கும். அந்தப் பொந்துகளில் இந்தக் கல் இருந்தது. புளோரைட் என்பது அதன் பெயர். சுத்தியல் பட்டால் நொறுங்கிப்போகும், ரோட்டுக்கு ஆகாது என்று மற்றவர்கள் ஒதுக்கி எறிந்ததை அவள் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். மழைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஸ்ஸால் மண் போகத் தேய்த்து, உமி பரப்பிய தட்டில் அடுக்கினாள். யாரும் பட்டை தீட்டாமல், இருட்டுக்குள் கிடந்தபடியே ஒரு கல் ஆறு பக்கமும் சமமாக எப்படி வளரும் என்பது அவளுக்குத் தீராத ஆச்சரியம். ஒன்றின் வயிற்றுக்குள் மற்றொன்று புகுந்து வளர்ந்த இரட்டைச் சதுரங்கள் அவளிடம் இருந்தன. முகத்தில் படிபடியாக இறங்கியவை இருந்தன. ஒருமுறை கைதவறி விழுந்த கல்லொன்று மூலைகள் தெறித்து எட்டு முகத்தோடு கிடந்தது. வளரும்போது ஒரு வடிவம், உடையும்போது இன்னொரு வடிவமா என்று அதையும் தனியே எடுத்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலானது 2017இல் கிடைத்தது. ஊதாச் சதுரத்துக்குள் பச்சைச் சதுரம், அதற்குள் நிறமே இல்லாத சின்னஞ்சிறு சதுரம். அதற்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டுதான் அவள் சோறு தின்பாள். புருஷன் செத்த பிறகு தன்னைக் கண்டு முகம் மலர்வது இந்தக் கற்கள்தான் என்று சாரங்காவிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளை குட்டி இல்லாதவள், வேறென்ன சொல்வாள்?

தில்லைநாதன் அவளுக்குக் கூட்டாளியானது அந்த வருடத்தில்தான். அக்கராயனில் காணி கிடைத்துக் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் பிள்ளை. நில அளவைப் படங்கள் கீறி ஓய்வு பெற்று நெளுக்குளத்தில் வீடு கட்டியவர். ஆறு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் வந்து தேத்தண்ணி குடித்தார். கற்களின் மூலைகளுக்குக் கருவி வைத்துப் பார்த்து, தொண்ணூறு பாகை அச்சொட்டாக இருக்கிறது என்று சொல்லி அவளைச் சந்தோசப்படுத்தினார். அவருக்கென்று கற்கள் ஒருநாளும் வெளிச்சம் விட்டதில்லை. அவள் கொல்லையில் விறகெடுக்கப் போனால் அவர் இருட்டில் கோப்பையும் கையுமாக இருப்பார். முப்பத்தொரு வருடம் ஊரார் காணிக்கெல்லாம் எல்லை கீறியவர். அந்தப் படங்களில் அவருடைய பெயரை ஒருவரும் தேடி வாசித்ததில்லை. ஆள் தங்கமான மனிசன் என்றுதான் ஊர் சொன்னது. ஊர் எதைத்தான் சொல்லாது.

2023இல் நெளுக்குளம் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சங்கத்தார் கனிமக் காட்சிச் சாலை திறக்க ஆயத்தமானார்கள். கற்களை அங்கே வைக்கலாம், ஆனால் எடுத்த இடமும் எடுத்தவர் பெயரும் எழுதாத கல் வெறும் கல் என்று தில்லைநாதன் சொன்னார். அது உண்மை. வெளிநாட்டாரும் வருவார்கள், ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்றார். அதுவும் உண்மை. ஆறு நாள் பின்னேரங்களில் பேச்சியம்மா கற்களை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக ஏந்திக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று, எந்த வெடியில், எந்த மாதம் கிடைத்தது என்று சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அவள் கடதாசியைப் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையோடு நிற்பவள் கணக்கப்பிள்ளை பெயர் பதியும் புத்தகத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். தோட்டத்தையே கண்டிராத பேச்சியம்மாவுக்கு அந்தப் பழக்கம் தாயிடமிருந்து வந்திருந்தது. எழுதி முடியும் வரை நிலத்தைப் பார்த்து நின்றாள், முடிந்ததும் கும்பிட்டாள். அந்த நேரம் யாராவது அவள் தலையைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். ஒருவரும் திருப்பவில்லை.

முதல் நாள் எழுதிய ஏழு கற்களும் மறுநாள் அவளுக்கு வெளிச்சம் விடவில்லை. வீட்டை விட்டுப் போகிற கோபமாக்கும் என்று நினைத்தாள். ஒவ்வொரு நாளும் இன்னும் சில அணைந்தன. ஏழாம் நாள் அவள் வேலையால் வந்தபோது வீடு இருண்டு கிடந்தது. சற்று நேரத்தில் கற்களை ஏற்றிப்போக வந்த தில்லைநாதன் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அலுமாரி முழுக்க ஊதாவாக எரிந்தது. ஐயாவைக் கண்டதும் கோபம் தீர்ந்துவிட்டதே என்று அவளுக்கு நிம்மதி. அவருக்கு வேர்த்துக் கொட்டியதைப் புழுக்கம் என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திறப்பு விழாவுக்குக் குவாரிப் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். என் பேரு அங்கே இங்கிலீசில் இருக்கிறது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவள், அவர்களை முந்திக்கொண்டு உள்ளே போனாள். கற்கள் இருட்டாக இருந்தன. பின்னால் மாலையோடு தில்லைநாதன் நுழைந்தார். நாற்பத்தொன்றும் எரிந்தன. சனம் கைதட்டியது. சாரங்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சைச் சதுரம் உள்ள கல்லின் கடதாசியை வாசித்தாள், அடுத்ததையும் வாசித்தாள்.

"எல்லாத்திலயும் கண்டெடுத்தவர் தில்லைநாதன் எண்டுதான் கிடக்கு, பேச்சியக்கா."

பேச்சியம்மா நேரே அவரிடம் போனாள். "ஐயா, நீங்க எழுதுறப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்?"

அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "உன்ர பேரைப் போட்டா ஆர் பேச்சி நம்புவினம்? என்ர பேர் இருக்கிறதாலதான் கல்லு இஞ்ச வந்தது. வீட்டை வா, ஆறுதலாக் கதைப்பம்."

அவர் மனிதர்; மனிதர் இப்படிச் செய்வார்கள் என்பதை அவளுடைய குடும்பம் மூன்று தலைமுறையாகக் கண்டிருக்கிறது. அவளால் தாங்க முடியாமல் போனது கற்கள் அவரைப் பார்த்து எரிந்ததுதான். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். ஊதாவுக்குள் பச்சை, பச்சைக்குள் ஒன்றுமில்லாத வெள்ளை, எல்லாம் அவள் தோளைத் தாண்டி அவரை நோக்கிச் சிரித்தபடி இருந்தன. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள்.

கதை பரவியது. இரண்டு மாதம் கழித்துக் காட்சிச் சாலைப் பொறுப்பாளர் கமலாசனி வீடு தேடி வந்தாள். குவாரியில் விசாரித்துவிட்டோம், எல்லாக் கடதாசியையும் மாற்றி எழுதப் போகிறோம், நீங்கள் ஓம் என்று ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றாள். மாதிரிக்கு ஒன்றை எழுதியும் கொண்டுவந்திருந்தாள். பேச்சியம்மா இம்முறை கடதாசியை வாங்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் மிஸ். நீங்க பேர மாத்துன அன்னைக்கே இதுக என்னையப் பார்த்து இளிக்கும், எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் பல்லு விளக்கிவிட்டுப் பார்த்த மூஞ்சிய மறந்துட்டு, கடதாசியப் பார்த்து எரியிற கல்லு எனக்கு எதுக்கு? அவருகிட்டயே இருக்கட்டும்."

கமலாசனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பேச்சியம்மா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஆகவே கற்கள் இன்றைக்கும் தில்லைநாதனுக்கே எரிகின்றன. அவர் உள்ளே இருந்தால் காட்சிச் சாலைக்கு மின்குமிழ் தேவைப்படுவதில்லை என்பதால், கூட்டித் துடைக்கிறவர்கள் வரும் நேரத்துக்கே அவரையும் காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்தார் ஒரு கதிரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குவாரியில் இப்போதும் வெடிக்குப் பிறகு எப்போதாவது ஒரு பொந்து திறக்கிறது. பேச்சியம்மா அந்தக் கல்லைக் கையில் எடுத்து ஆறு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள், பிறகு மற்றவர்களைப் போல ஒதுக்கி எறிந்துவிடுவாள். வேலைக்கு ஆளேற்றிப் போகும் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் காலை ஆறே முக்காலுக்குச் சந்தியைக் கடக்கும்போது பெட்டியில் இருக்கும் பெண்கள் காட்சிச் சாலை யன்னலைப் பார்க்காததுபோல் பார்ப்பார்கள். அது ஊதாவாக இருந்தால் பேச்சியம்மாவே முந்திக்கொண்டு சொல்வாள்: "ஐயா வந்துட்டாரு." அவர்கள் தலையை ஆட்டுவார்கள், லான்ட்மாஸ்டர் குவாரிப் பக்கம் திரும்பும்.