கனவில் தம்பி சொன்னது

"அங்க அடிக்காதடா, துணி இன்னும் கொஞ்சம் வரும்," என்றார் பெரியவர். சோபாவின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த சின்னவர், ஸ்டேப்ளரைத் தூக்கிய கையை இறக்கவும் தோன்றாமல் அப்படியே இருந்தார். ஜன்னலோரம் உறை தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சொன்னவருக்கு மட்டும் அதில் எந்த விசேஷமும் தெரியவில்லை. துணியை இன்னும் ஒரு விரற்கடை இழுத்து, "ம், இப்ப அடி," என்றார். ஸ்டேப்ளர் பின் இறங்கியது, ஆனால் கோணலாக. சின்னவர் கோணலாகப் பின் அடித்து அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் குஷன் கடை அது. பழைய சோபாவைக் கொண்டுவந்து போட்டால் தோலை உரித்து, நைந்த ஸ்பாஞ்சை எறிந்து, புதுசு வைத்து, புதுத் துணி போர்த்தித் தருவார்கள். பெரியவர், சின்னவர் என்பதெல்லாம் வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். சின்னவருக்கே தலை முக்கால்வாசி வெளுத்துவிட்டது. துணி போர்த்துவது ஒற்றை ஆள் வேலையில்லை. ஒருவர் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பின் அடிக்க வேண்டும். பேசாமல் எப்படிச் செய்வது என்று நினைப்பீர்கள். இவர்கள் பல வருஷமாகப் பேசாமல்தான் செய்தார்கள். பெரியவர் காலால் மரச்சட்டத்தை ஒருமுறை தட்டினால் அடி என்று அர்த்தம், இரண்டு முறை தட்டினால் பொறு. அதற்கு மேலும் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் தையல்காரம்மா இருந்தார். "சின்னவரே, இது நாளைக்கு முடிஞ்சுடுமான்னு பெரியவர் கேக்கிறாரு" என்று, பக்கத்திலேயே நிற்பவரிடம், அவர் காதில் ஏற்கெனவே விழுந்ததைத் திருப்பிச் சொல்வார். தைக்க வந்த தன்னைத் தூது போக வைத்துவிட்டார்களே என்று அலுத்துக்கொள்வார்.

பேச்சு நின்றது அம்மாவின் சாவோடு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட சின்னவரோடுதான் அம்மா கடைசிவரை இருந்தார். அன்றைக்குப் பெரியவர் வெளியூரில் ஒரு தியேட்டருக்கு நாற்காலி மாற்றும் வேலையில் இருந்தார். மதியம் போன் வந்தது. காலையில் வந்துவிடுகிறேன், நான் வரும்வரை வைத்திருடா என்று சொன்னார். பஸ் மாறி பஸ் மாறி விடிந்ததும் வந்து இறங்கினால், எல்லாம் முடிந்து வீடு பெருக்கித் துடைத்துக் கிடந்தது. முந்தின நாள் இருட்டுவதற்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். ஏன் என்று பெரியவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே தம்பிக்குக் கொடுக்கும் தண்டனையாக வைத்துக்கொண்டார். அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்க விடாதவனிடம் என்ன பேச்சு என்று பூட்டிய வாய் அது. இன்றைக்குத் துணி வரும் என்று சொல்லித் திறந்திருக்கிறது.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனைவியிடம் குறைபட்டுக்கொண்டார்.

"நேத்து அவன் வந்தப்ப நீ ஒரு டீயாவது போட்டுக் குடுத்திருக்கலாம்."

"எவன் வந்தப்ப?"

"தம்பிதான். சாயங்காலம் வந்தானே."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். "நேத்து சாயங்காலம் நாம எங்க அக்கா வீட்டுல இருந்தோங்க. இந்த வீடு பூட்டிக் கிடந்துச்சு."

பெரியவர் வாயில் போட்டதை மென்றபடியே யோசித்தார். தம்பி இந்த அறையில்தான், அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் மேல் பட்டன் இல்லை. ஸ்பாஞ்ச் ஒட்டுகிற பசை வாடை அவன் மேல் அடித்தது. அண்ணன் என்னை இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம், அவன் வருவதற்குள் முடித்துவிடு என்று அம்மாதான் சொன்னார் என்றான். சொல்லிவிட்டு அழுதான். இவரும் எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். தோள் எலும்பு உள்ளங்கையில் குத்தியதுகூட நினைவிருந்தது. இத்தனையும் நடக்கவே இல்லையா?

இதையும், காலையில் தம்பியிடம் பேசியதையும் அவர் சொன்னதும் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். கொழுப்பு இருப்பது டாக்டருக்கு இப்போதுதான் தெரிகிறது, தனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும் என்று மனைவி அப்போது சிரித்தார். மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்வது வழக்கமானது. அதற்கு முன் பெரியவர் படுத்தால் கட்டை. கனவு என்பது மற்றவர்களுக்கு வரும் வியாதி என்று நினைத்திருந்தவர். மாத்திரைக்குப் பிறகு வந்த கனவுகளில் வெயில் சுட்டது, காபி கசந்தது. குளியலறை பல்பை மாற்றியாகிவிட்டது என்று ஒருநாள் காலையில் மனைவியோடு மல்லுக்கு நின்றார். பழைய பல்பின் சூடு விரலில் இருந்ததாம். கூட்டிக்கொண்டு போய் இருட்டைக் காட்டிய பிறகும் அரை மனசாகத்தான் ஒப்புக்கொண்டார்.

"கனவுல அவர் வந்து அழுதாராம், நெசத்துல இவர் மன்னிச்சாராம்," என்று மனைவி சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு. இத உங்க தம்பிகிட்ட சொல்லி வைக்காதீங்க. எப்படியோ பேசிட்டீங்க, அப்படியே விடுங்க."

விடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சின்னவர் மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்தார். தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனது, பல் பிடுங்கியது, மாடி வீட்டுக்காரன் நாய் வளர்ப்பது என்று அண்ணனிடம் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. தினமும் முகம் மழித்துக்கொண்டு கடைக்கு வந்தார். பெரிய மனசு உங்கள் பெரியவருக்கு என்று தையல்காரம்மாவிடம் சொன்னது பெரியவர் காதிலும் விழுந்தது. இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவது போலக் கூச்சமாக இருந்தது அவருக்கு. தான் எதையும் மன்னிக்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அம்மா சொன்னதாகத் தம்பி சொன்னதால்தான் மனசு இளகியது. அம்மா சொல்லியிருந்தால் சரி. சொல்லவில்லையென்றால், அந்தக் காலையில் வெறும் வீட்டு வாசலில் பையோடு நின்ற மனிதன் இன்னும் அங்கேயே நிற்கிறான். கேட்டுவிடலாம். கேட்டு, பதில் வேறாக இருந்தால் மறுபடி காலால் சட்டத்தைத் தட்ட வேண்டியதுதான். அது இனிமேல் தன்னால் முடியாது என்று நினைக்கையில் அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

கனவுகளைப் பற்றிப் போய்ச் சொன்னதற்கு டாக்டரம்மா, சிலர் இப்படிச் சொல்வதுண்டு, மாத்திரையைக் காலையில் போட்டுப் பாருங்கள், அதற்கும் நிற்காவிட்டால் வேறு மாற்றித் தருகிறேன் என்றார். காலைக்கு மாற்றியதும் கனவுகள் வெளிறி, பிறகு நின்றேபோயின. ஒருநாள் மட்டும் மனைவிக்குத் தெரியாமல் மாத்திரையை ராத்திரிக்கு ஒளித்துவைத்துப் போட்டுக்கொண்டார். தம்பியை இன்னொருமுறை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, அம்மா சத்தியமாகச் சொன்னாரா என்று கேட்டுவிட வேண்டும் என்பது எண்ணம். அன்றைக்கும் கனவு கண்ணாடி மாதிரி வந்தது. முடிவெட்டும் கடையில் அவர் முறைக்காக உட்கார்ந்திருந்தார். முறை வரவே இல்லை.

பிறகு ஒரு மூன்று பேர் உட்காரும் சோபா வந்தது. தடித்த பச்சைத் துணி. கையால் இழுத்தால் எதிர்த்து இழுக்கிற ஜாதி. தையல்காரம்மா நூல் வாங்கிவரக் கிளம்பிப் போயிருந்தார். பெரியவர் குனிந்து, இரண்டு கையாலும் துணியை இழுத்துச் சட்டத்தின் விளிம்பில் பிடித்திருந்தார். சின்னவர் ஸ்டேப்ளரை வைத்தார், ஆனால் அழுத்தவில்லை.

"அண்ணா, ஏன் உனக்காகக் காத்திருக்கலன்னு நீ கேக்கவே இல்லயே."

பெரியவரால் கையை விட முடியாது, நிமிரவும் முடியாது. "இப்ப கேக்கறேன். சொல்லு," என்றார்.

"பயந்துட்டேன்." சின்னவர் சட்டத்தைப் பார்த்தே பேசினார். "வந்தவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா கிளம்ப ஆரம்பிச்சாங்க. ராத்திரி முழுக்க நானும் அம்மாவும் மட்டும்தான்னு தோணிடுச்சு. பகல்லயே வீட்டுல இருக்கிற லைட்டெல்லாம் போட்டேன். டிவியையும் போட்டேன். அப்பவும் அந்த ரூமுக்குள்ள கால் வைக்க முடியல. நம்ம அம்மாதான். ஆனா பயமா இருந்துச்சு. இருட்டறதுக்குள்ள எடுத்துடலாம்னு நான்தான் சொன்னேன்."

கோபம் வரும் என்று பெரியவர் காத்திருந்தார். வராமல் இல்லை, வந்தது. கூடவே, எல்லா விளக்கும் எரிகிற வீட்டில், ஓடுகிற டிவியின் முன்னால், உட்காரத் தெரியாமல் நிற்கும் தம்பியும் வந்தான். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லக் கூடாது என்று மனைவி தடுத்ததையே சொல்லிவிட்டார்.

"நான் உன்ன மன்னிச்சுப் பேசலடா. நீ வீட்டுக்கு வந்து பேசற மாதிரி கனவு கண்டேன். மாத்திரையால வந்த கனவு. காலையில அத நெசம்னு நெனச்சுட்டேன்."

சின்னவர் ஸ்டேப்ளரைச் சட்டத்திலிருந்து எடுத்தார்.

"கனவுல நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார் சின்னவர்.

"அண்ணன் என்ன இப்படிப் பாக்க வேணாம், அவன் வரதுக்குள்ள முடிச்சுடுன்னு அம்மா சொன்னாங்கன்னு."

சின்னவர் அந்த வார்த்தையை மனசுக்குள் வைத்துப் பார்த்தார். பழி துடைக்க இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது. ஆமாம் அண்ணா, அப்படித்தான் சொன்னார் என்று தலையாட்டியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"அம்மா ஒண்ணும் சொல்லலண்ணா," என்றார். "தண்ணி கேட்டாங்க. குடுத்தேன். அவ்வளவுதான்."

துணி தன் பக்கம் இழுத்தது. பெரியவரின் விரல்கள் வெளுத்து, பிடி நழுவத் தொடங்கியது. சின்னவர் ஸ்டேப்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சோபாவைச் சுற்றிக்கொண்டு வந்து, அண்ணனின் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளையும் போட்டுத் துணியைப் பற்றினார். இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்கக் குனிந்து இழுத்துப் பிடித்திருந்தார்கள். துணி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விறைத்து நின்றது. பின் அடிக்கத்தான் அங்கே ஆள் இல்லை.