ஹார்லன் வீட்டின் இரண்டு திசைகள்

அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே, ஜனாதிபதித் தேர்தலில் ஹார்லன் டீட்ஸ் கட்சி மாற்றி ஓட்டுப் போட்டபோதெல்லாம் அவன் வீடு மறுபக்கம் பார்த்து நின்றது. ஜனநாயகக் கட்சியின் கழுதைச் சின்னத்துக்குப் போட்டால் வாசல் மேற்கே தார்ச்சாலையைப் பார்க்கும். குடியரசுக் கட்சியின் யானைக்குப் போட்டால் கிழக்கே, மனைவி வெர்னாவின் தம்பி ஆர்வில்லின் பன்றிக் கொட்டகையைப் பார்க்கும். அடுப்பிலிருக்கும் காப்பிகூடத் தளும்பாது. முதல் தடவை தண்ணீர்க் குழாய் முறுக்கிக்கொண்டது. பிறகு வளையும் குழாயாகப் போட்டுக்கொண்டார்கள்.

எழுபத்தாறில், நின்றவர் விவசாயி என்று கழுதைக்குப் போட்டான். எண்பதில் டீசல் விலைக்காக யானை. அப்புறம் ஒரு வேட்பாளருடைய சிரிப்பு பிடிக்காமல் ஒரு முறை, மகன் போருக்குப் போனதால் ஒரு முறை என்று வீடு சுழன்றது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் திரை மறைவில் அவன் போட்ட ஓட்டு, மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"புல்வெளியில கழுதைக் கட்சிக்காரன் பேர் போட்ட பலகைய நட்டுட்டு, இங்க எம் பன்னிங்களப் பாத்து நிக்கிறியே மச்சான், அதுங்களுக்கே கூச்சமா இருக்கு" என்றான் ஆர்வில் ஒரு தேர்தலில். காப்பிக் கடையே சிரித்தது. ஹார்லனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இனி யானைக்குப் போட்டா உன் பன்னித் தொட்டியில சாப்பிடுறேன்டா" என்றான். அதன்பின் பல தேர்தல்கள் வீடு மேற்கேயே நின்றது.

வெர்னா படுத்த படுக்கையானது அந்த வருஷங்களில்தான். அவளுடைய அறை முன்பக்கம் இருந்தது. மதியம் வரை அங்கே குளிர் விலகாது.

"காலை வெயில் முகத்துல பட்டு எத்தன நாளாச்சு" என்றாள் ஒருநாள். வேறெதுவும் கேட்கவில்லை.

நவம்பரில் ஓட்டுப் போட்டு வந்து, அன்றிரவு வேட்பாளர்களைப் பற்றிப் பேச்செடுக்காமல் தூங்கினான். விடிந்ததும் ஆர்வில் வேலியருகே வந்து நின்றான்.

"தொட்டியக் கழுவி வச்சிருக்கேன், மச்சான்."

"கொண்டா. சொன்னா சொன்னதுதான்."

ஆர்வில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சன்னலுக்குள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் படுத்திருப்பதைப் பார்த்தான். தொட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். யார் ஜெயித்தார் என்று ஹார்லன் நாலு நாள் கழித்துத்தான் கேட்டான்.

வெர்னா அடுத்த கோடையில் இறந்தாள். அதற்குப் பிறகும் ஹார்லன் ஓட்டுப் போட்டான்; எந்தச் சின்னத்துக்குப் போட்டாலும் வீடு கிழக்கேயே பார்த்து நின்றது. யாருக்குப் போட்டாய் என்று ஊர் முதல் தடவையாக அவனை வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அவன் சொல்லவில்லை. குழாய்க்காரர் வந்து வளையும் குழாயை எடுத்துவிட்டு இரும்புக் குழாயே போட்டுக் கொடுத்தார்.