வாய்விட்டுச் சொல்லாத எண்

விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த நாளில் பெரியவர் தன் சீருடைச் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். மருமகள் கை நீட்டியும் தரவில்லை. காலரை இரண்டு முறை தேய்த்து, கைமடிப்பில் கோடு விழுந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். நகர ரயில் கம்பெனியில் முப்பத்தொரு வருடம். அதில் கடைசிப் பதினாறு வருடம், பாதை தொடங்குகிற நிலையத்தில் வண்டி அனுப்பும் ஜன்னலுக்குப் பின்னால் கழிந்தது. இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு. பணிப்பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே இதுவரை ஒரு துளி சிவப்பு மை விழுந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ளும்போது மட்டும் அவர் குரலில் லேசாக ஒரு மிடுக்கு ஏறும்.

"மாமா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"வந்து பாத்துக்கலாம்மா."

"அவரும் காலையில வெறும் வயித்தோடதான் கிளம்பிப் போனாரு. அப்பாவுக்கும் மகனுக்கும் வீம்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல."

அவர் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். அவள் நகரவில்லை. கதவுச் சட்டத்தில் சாய்ந்தபடி, தணிந்த குரலில் சொன்னாள்:

"நீங்க எண்ணைச் சொன்னீங்கன்னுதான் எங்கிட்டயும் சொல்றாரு."

பெரியவர் நிமிர்ந்தார். அவள் கண்ணை எதிர்கொள்ள முடியாமல் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த ஜன்னலில் அவருடைய வேலை எளிமையானது. வண்டியைப் பணிமனை ஆள் கொண்டுவந்து நடைமேடையில் நிறுத்திவிட்டுப் போவான். அதை ஓட்டப்போகிற டிரைவர் ஜன்னலுக்கு வந்து சீட்டை வாங்கிக்கொள்வார். சீட்டில் வண்டி எண், புறப்படும் நேரம், எத்தனை பெட்டி என்று இருக்கும். பெட்டி எண்ணிக்கையை அனுப்புகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கம்பெனியின் விதி அது. நாலு பெட்டி வண்டி நிற்கிற இடம் வேறு, ஆறு பெட்டி வண்டி நிற்கிற இடம் வேறு. ஒவ்வொரு நடைமேடையிலும் இரண்டுக்கும் தனித்தனிப் பலகை உண்டு. ஆறு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நாலு பலகையில் நிறுத்தினால், பின்னால் இரண்டு பெட்டி சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

மற்ற அனுப்புநர்கள் இந்தச் சொல்வதையும் திருப்பிச் சொல்வதையும் முணுமுணுப்பாக முடித்துக்கொள்வார்கள். பெரியவர் அப்படியல்ல. "நாலு!" என்று அவர் சொன்னால் அறையின் கோடியில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவன் தோள் தூக்கிப்போடும். பதில் காதில் விழாமல் சீட்டின் மறுமுனையை அவர் விரல் விடாது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் மகன் டிரைவராகச் சேர்ந்து முதல் சீட்டு வாங்க வந்தான். மற்றவர்களுக்குச் சொல்வது போலத்தான் அவனுக்கும் சொன்னார். ஆனால் குரல் எங்கோ கொஞ்சம் கனிந்துவிட்டது போலிருக்கிறது. வரிசையில் நின்ற ஒரு மூத்த டிரைவர், "என்ன பெரியவரே, எங்களுக்கெல்லாம் அதட்டல், பிள்ளைக்கு மட்டும் தாலாட்டா?" என்றார். அறையே சிரித்தது. மகனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பெரியவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு வீட்டில் மகனை உட்காரவைத்துச் சொன்னார்: "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீ டிரைவர், இந்தப் பக்கம் நான் அனுப்பறவன். அப்பா, மகன் எல்லாம் இந்த வீட்டுக்குள்ள. நாலு பேர் நாக்குல நம்ம குடும்பம் விழக்கூடாது."

மறுநாளிலிருந்து அவனுக்கு மட்டும் சீட்டைப் பேசாமல் தள்ளினார். அவனும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனான். அப்பனும் பிள்ளையும் எவ்வளவு கறார் என்று இரண்டொருவர் வியந்தபோது பெரியவருக்கு உள்ளூர நிறைவாகவே இருந்தது. ஒன்பது வருடமும் அவனுக்குக் கிடைத்தது நாலு பெட்டி வண்டிதான். படித்துப் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

கூட்டம் தாங்காமல் மாலை வண்டிகளில் இரண்டிரண்டு பெட்டி சேர்க்கலாம் என்று கம்பெனி போன மாதம் முடிவெடுத்தது. அந்த வாரமே ஒரு மாலை, சீட்டில் பெரியவர் சரியாகத்தான் ஆறு என்று எழுதினார். பேசாமல் தள்ளினார். மகன் வழக்கம்போல் படிக்காமலே பையில் போட்டுக்கொண்டான். நிலையத்து டிரைவர் அறையின் கதவு முதல் பெட்டிக்கு எதிரே திறக்கும். பின்னால் எத்தனை நிற்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த நிலையத்தில் மகன் வழக்கமான பலகையில், வழக்கம்போல் அலுங்காமல் நிறுத்தினான். கதவைத் திறந்தான். கடைசிப் பெட்டியில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றிருந்த ஒரு நர்ஸ், மாலை வேலைக்குப் போகிறவர், நடைமேடை இருக்கும் என்று காலை வைத்தார். ஒன்பது நாள் கழித்து, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவர் இறந்துபோனார்.

கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், நான்காம் மாடி நடையில், மகன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்ததால் சீருடை இல்லை. சாதாரணச் சட்டையில் அவனை அந்தக் கட்டடத்தில் பார்ப்பது, யாரோ வழி தெரியாமல் வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அப்பாவைக் கண்டதும் எழுந்து பக்கத்தில் வந்தான்.

"உள்ள ஒரே கேள்விதான்ப்பா. ஆமான்னு சொல்லிட்டு வந்துடுங்க."

"நீ என்ன எழுதிக் கொடுத்திருக்கே?"

"நீங்க ஆறுன்னு சொன்னீங்க, நானும் ஆறுன்னு சொன்னேன், ஓட்டும்போது மறந்துட்டேன். அவ்வளவுதான்."

"மறதின்னா உன்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. கேஸும் வரும்."

"என்னை எப்படியும் அனுப்பத்தான்ப்பா போறாங்க. முப்பத்தொரு வருஷம் இருந்துட்டு, கடைசியில நீங்க எதுக்கு?"

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி அம்மாள் அவரைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் நின்றார். அம்மாள் மகன் எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு, "சரிதானே?" என்றார்.

வழியெல்லாம் அவர் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல். அதோடு ஐந்து மாதம் கழித்து மாலையும் கைத்தட்டலுமாக வீட்டுக்குப் போகலாம். பிறகு ஒவ்வொரு வேளையும் அந்த மருமகள் கையால் சாப்பிட வேண்டும்.

"சரியில்லம்மா. நான் எண்ணைச் சொல்லல."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா நின்றது.

"அன்னைக்கு மறந்துட்டீங்களா?"

"மறக்கல. ஒன்பது வருஷமா அவன்கிட்ட மட்டும் சொன்னதே இல்ல. மகன்கிட்ட பேச்சுக் கொடுக்கறேன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு சீட்டை மட்டும் தள்ளுவேன். சொல்லியிருந்தா அவன் காதுல விழுந்திருக்கும். அந்தப் பொண்ணு இன்னைக்கு உயிரோட இருந்திருக்கும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாள் ஒரு காகிதக் கட்டைப் புரட்டினார்.

"இருபத்திரண்டு டிரைவர்ங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. பெரியவர் எண்ணைச் சொல்லாம, பதில் வாங்காம சீட்டைக் கொடுக்க மாட்டார்னு. ஒருத்தர், உங்க குரல் கழிப்பறை வரைக்கும் கேக்கும்னு எழுதியிருக்கார்."

"அவங்களுக்குச் சொல்வேன்."

"மகனுக்குச் சொல்லாம இருந்ததை யாராவது பாத்திருக்காங்களா? ஒருத்தராவது?"

யோசித்தார். கறார் என்று வியந்தவர்கள்கூட அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாததைத்தான் பார்த்தார்கள். சொல்லாத ஒரு எண்ணை யார் கவனித்திருக்கப் போகிறார்கள்?

அம்மாள் காகிதத்தை மூடிவைத்தார். குரல் இளகியது. "ஐயா, எனக்கும் பசங்க இருக்காங்க. உங்க இடத்துல நான் நின்னாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

"பொய்னு சொல்லல. தகப்பன்னு சொல்றேன்."

அவர் வாழ்நாளில் யாரும் அவரிடம் இவ்வளவு பரிவாகப் பேசியதில்லை. இதைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம் என்றிருந்தது. "நான் சொன்னதை எழுதிக்குங்கம்மா" என்றார். எழுதினார்கள். கையெழுத்துக்கு நீட்டியபோது படித்தார். அவர் சொன்னதெல்லாம் இருந்தது. கீழே, மகனைக் காக்கும் நோக்கில் கூறப்பட்டதாகத் தோன்றுகிறது என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரிக்கு அடியில்தான் இடம் விட்டிருந்தார்கள். போட்டார்.

வெளியே மகன் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். நம்பல."

"உங்களையா?" அவனுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் உடைந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "சொல்லியிருந்தாலும் பலகையை நான்தான்ப்பா பாத்திருக்கணும். கதவைத் திறந்தது என் கை" என்றான்.

அவர் அதை மறுக்கவில்லை. மறுத்தாலும் அவர் சொல்லுக்கு இப்போது மதிப்பு எதுவும் மிச்சமில்லை.

வீட்டுக்கு வண்டியில்தான் போக வேண்டும். நண்பகல் ஆதலால் கூட்டம் அதிகமில்லை. எதிர் இருக்கையில் இருந்தவர்கள் பெரியவரின் சீருடையைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்திலிருந்தவனைப் பார்த்தார்கள். செய்தித்தாளில் வந்த முகம் என்று கண்டுகொண்டார்களோ என்னவோ. முன்பானால் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருப்பார். இப்போது நகர்ந்து, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தார்.

மூன்றாவது நிலையம் தாண்டியதும் மகனின் தலை ஆடத் தொடங்கியது. அவன் சரியாகத் தூங்கிப் பல நாளாயிற்று என்று மருமகள் சொல்லியிருந்தாள். முதலில் திடுக்கிட்டு விழித்தான், மறுபடி ஆடினான், பிறகு அவர் தோளில் சாய்ந்து அப்படியே ஒடுங்கிவிட்டான். முப்பத்தாறு வயது உடம்பின் பாரம். கடைசியாக அது எப்போது தன்மேல் சாய்ந்தது என்று அவருக்கு நினைவில்லை.

அவர்கள் இறங்க வேண்டிய நிலையம் வந்தது. வண்டி மெல்ல நின்றது. கதவுகள் திறந்தன. பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்மணி இறங்கினார், ஒரு கிழவர் கைத்தடியை முதலில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். பெரியவர் எழவில்லை. கதவு மூடப்போவதற்கான எச்சரிக்கை ஒலி கீச்சென்று எழுந்ததும், இன்னொரு கையை அவசரமாகக் கொண்டுவந்து மகனின் காதின் மேல் பொத்தினார். ஒலி அடங்கி, கதவு மூடி, வண்டி நகர்ந்து சுரங்கத்துக்குள் நுழைந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.