மைனஸ் ஒன்றாம் தளம்

"காலி பஸ்ஸும் பஸ்தான்" என்று எழுதியிருந்த பிள்ளையை வம்பு டீச்சருக்கு முதல் பக்கத்திலேயே பிடித்துப்போய்விட்டது. பேருந்தில் போகிறவர்களின் எண்ணிக்கைக்கு எந்த எண் கணம் பொருந்தும் என்று கேள்வி. மற்ற பிள்ளைகள் ஒன்றில் தொடங்கும் இயல் எண்களை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடியிருந்தார்கள். இந்தப் பிள்ளை மட்டும் நின்று வாதாடியிருந்தது. ஆளே ஏறாத பஸ்ஸுக்குப் பூச்சியம் வேண்டும், ஆகவே முழு எண்கள், காலி பஸ்ஸும் பஸ்தான். "அடி சக்கை!" என்று வாய்விட்டுச் சொல்லி, சிவப்பு மையால் ஒரு சரி போட்டார் டீச்சர்.

விடைத்தாள் திருத்தும் முகாம் ஒரு கல்லூரியில், தரைக்குக் கீழே இருந்த தளத்தில் நடந்தது. லிஃப்டில் ஏறி −1 என்ற பொத்தானை அழுத்தி இறங்க வேண்டும். கீழே ஜன்னல் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது, மின்விசிறிகளுக்குச் சத்தம் மட்டும் இருந்தது. நீள மேசைகளில் கணித ஆசிரியர்கள் தலை நிமிராமல் திருத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு 'வம்பு' என்று பேர் வைத்ததும் இவர்களில் சிலர்தான். எந்தப் பள்ளிக்கு மாறினாலும் அந்தப் பேர் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பிள்ளை வடிவியலில் கோட்டை விட்டிருந்தது. இயற்கணிதத்தில் பாதி தூரம் போய், வழி தெரியாமல் நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. ஒரு மருத்துவமனையில் தரைத்தளத்துக்கு மேலே ஆறு தளங்கள், கீழே இரண்டு தளங்கள். தரைத்தளம் பூச்சியம் என்றால், எல்லாத் தளங்களையும் குறிக்க எந்த எண் கணம் பொருந்தும்? பொடிப்பொடியான கையெழுத்தில் பிள்ளை எழுதியிருந்தது: "முழுக்கள். கீழே இருக்கும் தளங்களுக்கு மைனஸ் வேண்டும். அங்கேயும் ஆட்கள் வேலை செய்வார்கள்."

டீச்சர் 'கீ' எனப்படும் விடைக்குறிப்பைப் பார்த்தார். 'முழு எண்கள்' என்று அச்சாகியிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அதேதான். முழு எண்கள் பூச்சியத்தோடு நின்றுவிடும், அதற்குக் கீழே ஒரு படிகூட இறங்காது. மைனஸையும் சேர்த்துக்கொண்டால்தான் முழுக்கள். அச்சுக்குக் கொடுத்த மகராசன் எவனோ இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டான். பேர் அப்படி வைத்துத் தொலைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பாதிப் பேர் இதில் வழுக்கி விழுவார்கள்.

கூட்டிப் பார்த்தார். தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. இந்தக் கேள்விக்குச் சரியாக இரண்டு மதிப்பெண்.

"இங்க பாருங்க சார், கீ தப்பு," என்றார், பக்கத்தில் இருந்த கண்ணாடி சாரிடம். அவர் மூக்கிலிருந்து கண்ணாடி எப்போதும் நழுவிக்கொண்டிருக்கும்.

"தப்புதான். நான் காலையிலயே பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டுக் கீப்படியே திருத்தினேன். எனக்கெதுக்கு ஊர் வம்பு? அதான் நீங்க இருக்கீங்களே."

டீச்சர் தாளைத் தூக்கிக்கொண்டு முதன்மைத் தேர்வாளரின் மேசைக்குப் போனார். மேசைமேல் திருத்தி முடித்த கட்டுகள் மலையாகக் கிடந்தன. அவர் விடைக்குறிப்பையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"முழு எண்ணு, முழுக்கள்... எல்லாம் முழுசுதானேம்மா?"

"அப்போ இந்தப் புள்ளைக்கும் முழுசாப் போட்டுரலாமே சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதன்மைத் தேர்வாளருக்கு முகம் சிவந்தது. "கீயில என்ன இருக்கோ அதுதான் விடை. பாதிக் கட்டு திருத்தியாச்சு. இப்போ மாத்தினா எல்லாத்தையும் பிரிக்கணும், தெரியுமா?"

"பிரிப்போம்."

"ஒரு புள்ளைக்காகவா?"

"சரியா எழுதினது இது ஒண்ணுதான்னு உங்களுக்கு யார் சொன்னது? அந்த மலைக்குள்ள எத்தனை பேர் மாட்டிக்கிட்டிருக்காங்களோ! நான் இதுக்கு ரெண்டு போடப்போறேன்."

"போட்டா மெமோ வரும்மா. உங்களுக்கு மெமோ ஒண்ணும் புதுசில்ல. ஆனா பதவி உயர்வு நேரம், யோசிச்சுக்குங்க."

டீச்சர் யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அப்படி யோசிக்க வேண்டியிருந்ததுதான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. சரியாக எழுதிய பிள்ளை தோற்க வேண்டும், தப்பாக அச்சடித்தவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டும், இவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்! அந்த மேசையிலேயே தாளை வைத்து, எல்லார் கண்ணெதிரிலும் இரண்டு போட்டு, கூட்டி, கையெழுத்தும் போட்டார்.

"எழுதுங்க சார் மெமோவை."

முதன்மைத் தேர்வாளர் விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தார். விடைக்குறிப்பை மீறியது, மேலதிகாரியை எதிர்த்துப் பேசியது, எல்லாம் வரிசையாக வந்தது. அடியில் 'இடம்' என்று போட்டு, கல்லூரியின் பேரை எழுதினார். பழக்க தோஷத்தில் பக்கத்திலேயே 'தளம் −1' என்றும் எழுதினார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "சார், அதை அடிச்சிருங்க."

"எதை?"

"மைனஸ் ஒண்ணை. உங்க கீப்படி அப்படி ஒரு தளமே கிடையாது. பூச்சியத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. நீங்க இல்ல, நான் இல்ல, இந்த மேசை இல்ல. இல்லாத இடத்துல உட்கார்ந்து போட்ட மார்க் எப்படி சார் செல்லும்? இத்தனை கட்டும் வீண்தானே?"

பேனா நின்றது. அப்புறம் பின்மேசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அறை முழுக்கப் பரவியது. கண்ணாடி சார் எழுந்து வந்து, மலையிலிருந்து தன் கட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போய் நூலைப் பிரித்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரைப் பார்த்து இன்னொருவரும் பிரித்தார்.

முதன்மைத் தேர்வாளர் மேலிடத்தைக் கேட்கப் போனை எடுத்துக்கொண்டு லிஃப்டில் மேலே போனார். திரும்பி வர வெகு நேரம் ஆனது.

"முழுக்கள்னு எழுதினவங்களுக்கு ரெண்டு மார்க் உண்டு," என்றார் சுவரைப் பார்த்து. "திருத்தின கட்டையெல்லாம் மறுபடி பாருங்க." பிறகு மெமோவை டீச்சரிடம் நீட்டினார். "ஆனா இது இதுதான். எதிர்த்துப் பேசினது பேசினதுதான்."

"பின்னே, இல்லைன்னா சொல்றேன்?"

டீச்சர் அதை வாங்கி, பிள்ளையின் தாள்மேல் வைத்து, அதே சிவப்புப் பேனாவால் அடியில் எழுதினார்: பெற்றுக்கொண்டேன். தளம் −1.