ஏழாவது ஆளுக்குக் காத்திருக்காத வண்டி

லத்தீர் ஃபாயின் பெஜோ 504, ஏழு பேர் ஏறும் நீள உடல் வண்டி, 2002 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பிக்கப்பாக மாறியது. அப்போது உள்ளே ஆறு பயணிகள் இருந்தார்கள். முன்னால் இருந்தவர் முன்னாலேயே இருந்தார். மற்ற ஐந்து பேரும் பின்பக்கத் தகரத் தளத்தில், அதே வரிசையில், மடியில் அதே மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஒரு பெண்ணின் குடை மட்டும் காணாமல் போனது. அது கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வாரம் செனகலின் கஃப்ரின் ஊர்ச் சந்தையில் வேர்க்கடலை விலை இறங்கியிருந்ததால் ஊருக்குப் பேச அதுவே போதுமானதாக இருந்தது. வண்டியைப் பற்றிய பேச்சு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகுதான் தொடங்கியது.

அந்த வண்டி இனத்தின் வரலாறு தெரிந்தவர்கள் அதிகம் வியக்கவில்லை. 504 பிறந்தது 1968இல், பிரான்சில். மாணவர்கள் பாரிஸ் தெருக்களின் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்த வருடம் அது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். வண்டி வெளியே வர இலையுதிர் காலமானது. முதலில் நான்கு கதவுள்ள செடான். விளக்குகள் தூக்கம் கலையாத கண்களைப் போல இருந்தன. அடுத்த வருடம் இத்தாலியர்கள் வரைந்து கொடுத்த இரண்டு கதவு கூப்பேயும் கூரையை மடக்கும் வண்டியும் வந்தன. 1971இல் நீள உடல் வந்தது. அதில் ஒரு வகை சாமான் ஏற்ற, இன்னொரு வகை மூன்று வரிசை இருக்கையோடு ஆள் ஏற்ற. பின்னால் ஒரே துண்டான அச்சு, நான்கு சுருள்வில். எழுபதுகள் முடியும்போது பிக்கப். ஆக ஆறு உடல்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் குடும்பத்தோடு ஆகஸ்டில் கடலுக்குப் போவதற்காகச் செய்தார்கள். அங்கே குடும்பம் என்றால் நான்கு பேர். இங்கே செனகலில் ஏழு பேரும், கூரைமேல் ஒரு ஆடும். அங்கே பழசானவை கப்பலேறி இங்கே வந்தன. வந்தவை சாகவில்லை.

லத்தீருடையது 1979ஆம் வருடத்து வண்டி. வெள்ளை நிறம். கஃப்ரினிலிருந்து கவ்லாக்குக்கு ஓடியது. அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வண்டிகள் வரிசையில் நின்று ஆள் ஏற்றும் பேட்டையின் விதி ஒன்றே ஒன்றுதான்: ஏழு இடமும் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். அதற்கு முன்னால் கிளம்புகிறவன் வரிசையில் பின்னால் நிற்பவனின் சோற்றில் கை வைக்கிறான் என்று பொருள். 2001 அக்டோபரில் லத்தீரின் மனைவி திபோருக்கு வயிற்றில் வலி வந்தது. கவ்லாக் மருத்துவமனைக்குப் போக வேண்டும். திபோர் கடைசி வரிசையில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். நான்கு பேர் உடனே ஏறினார்கள். மீதி இரண்டு பேருக்காக லத்தீர் ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தார். காத்திருக்கச் சொன்னதும் திபோர்தான். "இன்னும் ரெண்டு பேருதானே, நெறையட்டும்" என்றாள். கவ்லாக்குக்குப் பதினான்கு கிலோமீட்டர் இருக்கையில் இறந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவள் தூங்குவதாக நினைத்துத் தோள் கொடுத்திருந்தார். அன்றைக்கே அடக்கம் செய்தார்கள்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் லத்தீர் பேட்டைக்கு வந்தார். அன்று ஆறு பேரோடு கிளம்பினார். மறுநாள் ஐந்து பேரோடு. பேட்டைத் தலைவர் ம்பாஞிக் ங்கோம் முதல் மாதம் பொறுத்துக்கொண்டார். துக்க வீட்டுக்காரன் என்றார். இரண்டாம் மாதம் வரிசையில் கடைசிக்குத் தள்ளினார். மூன்றாம் மாதம், அந்தச் செவ்வாய்க்கிழமை, வாயிலின் குறுக்கே சங்கிலியைக் கட்டிவிட்டு முன்னால் நின்றார்.

"ஆறு பேருதான் இருக்காங்க, லத்தீர். எண்ணத் தெரியுமில்ல ஒனக்கு?"

"தெரியும். ஆறு."

"ஏழாவது ஆளு?"

"நடந்து வரட்டும்."

ங்கோம், இது ஏழு இருக்கை வண்டி, ஏழு இருக்கை வண்டிக்கு ஏழு இருக்கை வண்டியின் விதிதான் என்று சொல்லி முடிப்பதற்குள் அது பிக்கப்பாகியிருந்தது. அவர் இரண்டு முறை சுற்றி வந்தார். தளத்தில் இருந்த பயணிகளை எண்ணினார். சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். பிக்கப்புக்குப் பேட்டையில் விதி எதுவும் இல்லை. சங்கிலியை அவிழ்த்தார். "போ. ஆனா இது சரியில்ல" என்றார்.

பிக்கப்பில் வெங்காயமும் ஆடும்தான் ஏற்றலாம், ஆள் ஏற்றக் கூடாது என்று ஓட்டுநர் சங்கம் அடுத்த மாதம் தீர்மானம் போட்டது. அதை எழுதிய அட்டையைப் பலகையில் ஆணியடித்த காலையில் லத்தீரின் வண்டி நான்கு கதவு செடானாக வந்து நின்றது. செடானில் பின்சக்கரங்கள் தனித்தனியே துள்ளுவதால் முதுகுக்கு நல்லது என்று பயணிகள் சொன்னார்கள். செடான் என்றால் வாடகைக் கார், அதற்குக் கறுப்பும் மஞ்சளும் அடிக்க வேண்டும் என்று காவலர்கள் சொன்னார்கள். பின்கதவுகள் இரண்டிலும் அடித்தாயிற்று. மறுநாள் அது இரண்டு கதவு கூப்பேயாக இருந்தது. அடித்த கதவுகளே இல்லை. கூப்பேயைப் பற்றி இந்த நாட்டில் யாரும் விதி எழுதி வைத்திருக்கவில்லை. 2003 மழைக்காலம் முழுவதும் அது கூரை மடங்கும் வண்டியாக இருந்தது. கூரை சிக்கிக்கொண்டு நிமிரவில்லை. பயணிகள் தலைமேல் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். அடிச்சட்டத்து எண் மட்டும் எந்த உடலிலும் மாறவில்லை. எந்த நாளில் எந்த உடல் என்று லத்தீர் கேட்டதில்லை, வண்டியும் சொன்னதில்லை. சில காலைகளில் அது பழையபடி ஏழு இருக்கையோடு நிற்கும். அந்தக் காலைகளில் அவர் நான்கு பேரோடு கிளம்பினார். பயமாக இல்லையா என்று கேட்டவர்களிடம் டீசல் விலை ஏறிவிட்டது என்றார். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னார்.

இப்படி ஒன்பது வருடம் போனது. 2011இல் ஆணை வந்தது. அந்த வட்டாரத்திலுள்ள 504கள் அத்தனையும் வயதாகிவிட்டன, ஒப்படைக்க வேண்டும், நசுக்கி இரும்பாக்கப்படும். எழுதியவர் கவனமானவர். ஆறு உடல்களின் பெயரையும் தனித்தனியே எழுதியிருந்தார். அதைச் செயல்படுத்த அன்சுமானா பாஜி என்ற ஆய்வாளர் இழுவை வண்டியோடும் இரண்டு காவலர்களோடும் வந்தார். தெற்கே கசமான்ஸ் பக்கத்து ஆள், ஜோலா இனம், கனத்த உடம்பு. நண்பகலுக்குள் பன்னிரண்டு வண்டிகளை ஏற்றிவிட்டார். பதின்மூன்றாவது லத்தீருடையது. அவர் இறங்கவில்லை. கொக்கியை மாட்டினார்கள். வண்டி பிக்கப்பானது, கொக்கி விடவில்லை. செடானானது, கூப்பேயானது, கூரையை மடக்கியது, சாமான் வண்டியானது. தேநீர்க்காரியின் முதல் சுற்றுத் தேநீர் கொதிப்பதற்குள் எல்லா உடல்களையும் எடுத்துப் பார்த்துவிட்டு, வேறு உடல் இல்லாததால், பழைய ஏழு இருக்கைக்கே திரும்பி நின்றது. கொக்கி அப்படியே இருந்தது. லத்தீர் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாஜி படிவத்தோடு சன்னலருகே வந்தார். அவர் செய்த பிழை இங்கேதான். அதிகாரி என்றால் வண்டியின் எண்ணை மட்டும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் குடும்பப் பெயரைக் கேட்காமல் ஒருவரோடு பேச்சைத் தொடங்குவது இந்த நாட்டில் மரியாதை இல்லை. அவர் வளர்ப்பு அப்படி. கேட்டார்.

"ஃபாய்" என்றார் லத்தீர்.

ஃபாய் என்றால் செரேர் இனம். செரேருக்கும் ஜோலாவுக்கும் கேலி முறை, தலைமுறை தலைமுறையாக. ஒருவரை ஒருவர் அடிமை என்று அழைக்கலாம், எவ்வளவு மட்டமாகவும் வையலாம், கோபப்படக் கூடாது. கேலி பேசியபின் ஒருவருக்கொருவர் கெடுதல் செய்யவும் கூடாது. பாஜி கேலியை அடக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பப் பார்த்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"செரேரா? அதானே பாத்தேன். கம்பு தின்னு தின்னு கழுதைப் பிடிவாதம் வந்திருக்கு."

லத்தீர் பத்து வருடமாக யாரிடமும் கேலி பேசியதில்லை. செரேரிடம் அப்படிப் பேசுகிறவன் ஜோலாவாகத்தான் இருக்க வேண்டும் என்று திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"சோத்துமூட்டை, ஒன் எசமான்கிட்ட பேசுறே. மொதல்ல தொப்பியக் கழட்டு."

பாஜி தொப்பியைக் கழற்றினார். தூரத்தில் நின்ற ங்கோம், "போச்சு, கழட்டிட்டான்" என்று மெதுவாகச் சொன்னார்.

"சரி எசமானே, இவ்ளோ பெரிய வண்டிய வச்சிக்கிட்டு ஒத்தையா ஒக்காந்திருக்கியே. பொண்டாட்டி எங்கே? ஓடிட்டாளா?"

லத்தீர் சொன்னார். வலி, கடைசி வரிசை, ஒரு மணி நாற்பது நிமிடம், பதினான்கு கிலோமீட்டர். நான்கே வாக்கியம். பாஜி சிரிப்பை நிறுத்தினார்.

"சாவுக்கு எங்க ஆளுங்க யாரு வந்தா?"

"யாரும் வரல."

செரேர் வீட்டுச் சாவுக்கு ஜோலா வர வேண்டும். வந்து, இறந்தவரின் துணியைச் சுற்றிக்கொண்டு, இறந்தவரைப் போலவே நடந்து பேசிக் காட்டி, வீட்டாரைச் சிரிக்க வைக்க வேண்டும். அது நடக்காத வீட்டில் சாவு பாதியில் நிற்கும். பாஜி படிவத்தை வண்டியின் கூரைமேல் வைத்தார். தேநீர்க்காரியிடம் அவள் தலைத்துணியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசி வரிசையில், இடப்பக்கம், சிரமப்பட்டு நுழைந்து உட்கார்ந்தார். முழங்கால் மோவாயில் இடித்தது. பிறகு பெண்குரலில் பேசினார்.

"ஏன்யா லத்தீரு, எவ்ளோ நேரமாய்யா நான் இங்க குந்தியிருக்கிறது? காலெல்லாம் மரத்துப்போச்சு. அந்த ஏழாவது ஆளு யாரு, சனாதிபதி மருமவனா? வண்டிய எடுய்யா."

தேநீர்க்காரி சிரித்தாள். காவலர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு வண்டிகளைப் பறிகொடுத்துவிட்டு நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். லத்தீருக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. நீண்ட நாள் ஓடாத எஞ்சினைப் போல இரண்டு முறை இழுத்து, மூன்றாவதில் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். இழுவை வண்டியின் இரும்புக் கயிறு பழைய சட்டையின் பொத்தானைப் போலத் தெறித்து விழுந்தது. கூரைமேல் இருந்த படிவம் பறந்தது. 504 ஒரே ஒரு பயணியோடு வெளியேறியது. பாஜி இறக்கிவிடச் சொல்லவில்லை. கவ்லாக் வரை தலைத்துணியோடு போனார். வழி முழுக்கத் திபோரின் குரலிலேயே, ஓட்டும் விதத்தையும் மீசையையும் லத்தீரின் தங்கைகளையும் குறை சொல்லிக்கொண்டு வந்தார். திபோரை அவர் பார்த்ததே இல்லை. குறைகள் பெரும்பாலும் சரியாக இருந்தன என்று லத்தீர் பின்னால் சொன்னார்.

மாலையில் திரும்பி வந்ததும் பாஜி புதிய படிவம் ஒன்றை நிரப்பினார். உடல் வகை என்ற இடத்தில் ஆறுக்கும் குறியிட்டார். பறிமுதல் செய்யாத காரணம் என்ற இடத்தில் கேலி முறை என்று எழுதினார். தலைமை அலுவலகம், வண்டி உண்மையில் எந்த வகை என்று கேட்டு மூன்று முறை திருப்பியனுப்பியது. மூன்று முறையும் அவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பினார். நான்காவது முறை அவர்கள் கேட்கவில்லை. பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

அதன்பிறகு பேட்டையில் ஆள் கூப்பிடுகிறவர்கள் லத்தீரின் வண்டி வந்தால் முதலில் ஒருமுறை திரும்பிப் பார்த்து, இன்றைக்கு எத்தனை இடம் என்று எண்ணிக்கொண்டு கூவப் பழகினார்கள். ஓட்டுநர் சங்கம் விதிப் பலகையில், நோயாளி ஏறிய வண்டிக்கு ஏழு என்ற கணக்கு இல்லை என்று ஒரு வரி சேர்த்தது. அதை எழுதச் சொன்னவர் ங்கோம்.

2016 மார்ச்சில், ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, ஒரு கர்ப்பிணிப் பெண் தனியாக நடந்து பேட்டைக்கு வந்தாள். இடுப்பில் சுற்றிய துணியின் கீழ்விளிம்பு நனைந்து சிவந்திருந்தது. வரிசையின் முதல் வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். லத்தீருடையதில் யாரும் இல்லை. அவள் முன்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தும்போதே அது கூப்பேயாகிவிட்டது, எல்லா உடல்களிலும் வேகமானது. ங்கோம் அவளுடைய துணி மூட்டையைச் சன்னல் வழியே கொடுத்தார். ஒன்பது பன்னிரண்டுக்கு வண்டி நெடுஞ்சாலையில் இருந்தது. கவ்லாக்கில் அவளுக்கு இரத்தம் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பேட்டையில் அடுத்த வண்டி ஓரிடம் முன்னால் நகர்ந்தது.