ராத்திரியில் கொமாட்சுனா

ஆரணியில் அந்த ஜப்பானிய மொழி வகுப்பு மாலை ஏழு மணிக்குத்தான் தொடங்கும். வாரம் ஒருவர் வீட்டில் செய்த பண்டம் கொண்டுவந்து, அதைப் பற்றி ஜப்பானிய மொழியில் நாலு வாக்கியம் பேச வேண்டும். இன்று தேவகியின் முறை. கொண்டுவந்ததை ஒருவரும் தொடாவிட்டால் இன்றோடு வகுப்பை விட்டுவிடுவது என்று முடிவு கட்டித்தான் வந்திருந்தாள்.

கொண்டுவந்தது கொமாட்சுனா. ஜப்பானியர் அன்றாடம் சமைக்கும் இலை. மாடியில் பெயின்ட் வாளிகளில் வளர்த்தாள். முதல் விதைப்பு புரட்டாசி வெயிலில் கருகிற்று. இரண்டாவதைப் புழு மேய்ந்தது. மூன்றாவதற்குக் கொசுவலை கட்டி, முளைவிட்ட நாள் முதல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். இன்று மதியம் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்து, பிழிந்து நறுக்கி, வறுத்துப் பொடித்த எள்ளும் சோயா சாஸும் துளி சர்க்கரையும் சேர்த்துப் பிசறினாள்.

மூன்றாம் வாக்கியத்தில் தடுமாறினாலும் பேசி முடித்துவிட்டாள். டப்பாவைத் திறந்தாள். ஒரு கையும் நீளவில்லை.

“இன்னா தேவகி, கீரையா?” என்றான் பட்டுக்கடை துரை. “பொழுது போன பிறகு கீரை துண்ணா எங்கம்மா வூட்டுக்குள்ளயே சேக்காது.”

“எனக்கு காலைல ஆஸ்பத்திரி டூட்டி. வவுறு கெட்டா நீ போவியா?” என்றாள் நர்ஸ் சிவசங்கரி.

“ஜப்பான்ல அதெல்லாம் பாக்கறதில்ல” என்றார் ஸ்வர்ணலதா டீச்சர்.

“அவங்க அங்க இருக்காங்க டீச்சர். நாம ஆரணில இல்ல இருக்கோம்!” என்றான் துரை.

எல்லோரும் சிரித்தார்கள். தேவகிக்குக் காது சுட்டது. அவள் வீட்டிலும் ராத்திரியில் கீரை சமைப்பதில்லை. நிமிஷக் கணக்கெல்லாம் எழுதியவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

“இது... நம்ம கீரை மாதிரி இல்லண்ணா” என்றாள். “கோஸ், முள்ளங்கி இருக்குதே, அந்த வகை. விதை பாக்கெட்லயே போட்டுருந்தாங்க. நோட்டுல ஒட்டி வச்சிருக்கேன்.”

துரை நோட்டை வாங்கிப் பார்த்தான். “அட, கோஸா! நேத்து ராத்திரி அதத்தானே துண்ணேன். முன்னாடியே சொல்லாம சும்மா பேஜார் பண்ணிகினு...” ஒரு வாய் போட்டவன் அடுத்ததற்குக் கை நீட்டினான்.

“தனியா துண்ணுகினு இருக்கியே, இப்படித் தள்ளு” என்று சிவசங்கரி டப்பாவை இழுத்தாள்.

அதன் பிறகு தேவகிக்கே ருசி பார்க்க ஒரு இலை மிஞ்சவில்லை.

“நாளைக்கும் எடுத்துகினு வர்றியா?” என்றான் துரை.

“நாளைக்கா? இப்ப விதைச்சா நாப்பது நாள் ஆவும்ண்ணா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது: நாற்பது நாள் கழித்தும் வகுப்பில் இருப்பதாக அல்லவா பேசிவிட்டாள்!

“நாற்பது நாள், அதையே ஜப்பானிய மொழியில சொல்லு” என்றார் டீச்சர்.

“யொன்ஜூ நிச்சி.” தடுமாறாமல் வந்தது.